கழுத்துக்கு மேல் மண்

வீட்டு முன்புறத் தார்சாவில் தொண்டையைக் காறும் சத்தம் கேட்டது.

அடுப்பங்கரையில் அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து துவையல் அரைத்துக்கொண்டிருந்த உலகம்மாளின் கை அப்படியே நின்றுவிட்டது. காறினால் அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். துப்புவதற்கென்று வைத்த பித்தளைப் படிக்கத்தில் விழுந்தால் 'ணங்' என்று ஒரு சத்தம் வரவேண்டும். வரவில்லை. ஈர மண்ணில் எதுவோ 'சொத்'தென்று விழுந்ததுதான் கேட்டது.

கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனாள்.

தார்சாவின் ஓரத்தில், ஓட்டுச் சாய்ப்புக்கு உள்ளே, அவளுடைய ஜெர்பராத் தொட்டிகள் வரிசையாக இருந்தன. ஆரஞ்சு, சிவப்பு, வெள்ளை, இளமஞ்சள். ஒவ்வொரு பூவும் நீண்ட காம்பில் தனியாக, யாரையோ எதிர்பார்த்து நிற்கும் பெண்பிள்ளையைப்போல நிமிர்ந்து நின்றது. பக்கத்தில் சாய்வு நாற்காலியில் அவள் கணவர் தாணுமாலயன் கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். படிக்கம் அவர் காலடியிலேயே, துளி கறை இல்லாமல், முகம் பார்க்கும்படி பளபளத்தது. ஆரஞ்சுப் பூத்தொட்டியின் நடுவில், புதுக் குருத்து வரும் இடத்தில், வெற்றிலைச் சாறு சிவப்பாக வழிந்துகொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் விரலில் மிஞ்சிய சுண்ணாம்பை ஓர் இலையில் இழுத்துத் துடைத்தார்.

"படிக்கம் காலடியிலதானே இருக்கு?" என்றாள்.

"குனிய முடியலட்டி. இடுப்பு பிடிச்சிருக்கு. செடிக்கு என்ன, மழை பெஞ்சா கழுவிட்டுப் போவுது."

"மழைக்குப் பயந்துதான் உள்ள தூக்கி வச்சிருக்கேன்."

"மழைக்குப் பயப்படுத செடிய குத்தாலத்துல வச்சு வளக்கவ நீ ஒருத்திதான்." சொல்லிவிட்டு அவர் வாய் நிறையச் சிரித்தார். சிரிப்பிலும் இரண்டு சொட்டுச் சிவப்பு சட்டையில் தெறித்தது.

உலகம்மாள் தொட்டியைத் தூக்கிக்கொண்டு புறவாசலுக்குப் போனாள். ஈரத்துணியால் இலை இலையாகத் துடைத்தாள். மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துத் தூர எறிந்தாள். அதற்குப் பிறகு தன் கையைச் சீயக்காய் போட்டுக் கழுவினாள். ஒரு தடவை போதவில்லை, மறுபடியும் கழுவினாள்.

இந்த மனிதருக்காகத்தான் அவள் பதினோரு வருஷம் காத்திருந்தாள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

தென்காசிப் பக்கத்தில் நஞ்சையும் வாழைத்தோட்டமுமாக வாழ்ந்த குடும்பத்தின் இளைய பிள்ளை தாணுமாலயன். உலகம்மாளுக்குக் குற்றாலத்தில் ஐந்தருவி போகும் பாதையில் தாய் வழியில் வந்த ஓட்டு வீடு ஒன்று. கல்யாணமானதும் அந்த வீட்டிலேயே குடித்தனம் வைத்தார்கள். பிள்ளை இல்லை. ஊர் அதற்காக அவளைத்தான் பேசியது. அவளோ வேறொன்றை யாரிடமும் சொல்ல முடியாமல் விழுங்கிக்கொண்டிருந்தாள். புருஷன் துப்பிய இடமெல்லாம் துடைப்பதே அவள் தாம்பத்தியமாக இருந்தது. படுக்கை ஓரத்துச் சுவரில் சிவப்புக் கோடு. தூணெல்லாம் சுண்ணாம்பு விரல். தின்ற தட்டிலேயே கொப்பளித்த எச்சில். ஒரு நாள், "கொஞ்சம் தள்ளிப் போய்த் துப்பக்கூடாதா?" என்று கேட்டாள். "ஆம்பள இருக்குத வீடுன்னா அப்படித்தான் இருக்கும்" என்றார்.

ஐம்பத்தொன்றாம் வருஷம் அவர் புளியங்குடி எலுமிச்சை மண்டிக்குக் கமிஷன் வேலைக்கென்று போனார். போனவர் அங்கேயே இன்னொருத்தியுடன் குடும்பமாகிவிட்டார். லாரிக்காரர்கள் வந்து சொல்லித்தான் உலகம்மாளுக்குத் தெரிந்தது. அழுதாள். அழுது முடித்ததும் சுவருக்கு வெள்ளையடித்தாள். வெள்ளை காய்ந்ததும் சிவப்புக் கறை உள்ளிருந்து மெல்ல எழும்பி வந்தது. மறுபடி அடித்தாள், மறுபடி வந்தது. அந்தக் கறையைப் பார்த்து அருவருத்தபடியே, வெள்ளிக்கிழமைதோறும் அவருடைய படிக்கத்தைப் புளி போட்டுத் தேய்த்து மாடத்தில் வைப்பாள். பார்த்தவர்கள் பூசைப் பாத்திரம் என்று நினைத்தார்கள். மனம் என்பது அப்படி ஒரு பைத்தியம். அருவருத்த ஆளுக்காகவே அது வாசலையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

வயிற்றுப்பாட்டுக்கு, ஆனி ஆடிச் சாரலில் அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு வீட்டின் ஒரு பாதியை விட்டாள். வந்தவர்கள் நல்லெண்ணெய் தேய்த்த உடம்போடு சுவரில் சாய்ந்தார்கள். எண்ணெய்க் கையைக் கதவில் துடைத்தார்கள். அருவிக்குப் போய்ப் புண்ணியம் சேர்த்துக்கொண்டு வந்து, அவள் வீட்டு முற்றத்தில் மூக்கைச் சிந்தினார்கள். அவர்கள் போன பிறகு ஒரு வாரம் வீட்டில் எண்ணெய்ச் சிக்கு மணக்கும்.

மற்ற மாதங்களில் ஒரு பங்களாவைப் பெருக்கித் துடைக்கப் போனாள். அந்த வீட்டு ஜட்ஜ் அம்மா கொடைக்கானலிலிருந்து ஜெர்பராச் செடிகள் கொண்டுவந்து தொட்டியில் வைத்திருந்தாள். வாசனையே இல்லாத பூ. தலையில் வைத்தால் நிற்காது, சாமிக்கும் ஆகாது. ஆனால் ஒரு பூவுக்குக்கூடப் பிசுபிசுப்புக் கிடையாது. அத்தனை சுத்தமாக ஒரு பொருள் இந்த உலகத்தில் இருக்கிறதே என்று உலகம்மாள் முதல் நாளே துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். பங்களாவை விற்றுவிட்டுப் போகும்போது அந்த அம்மாள் சில தொட்டிகளை அவளுக்கே கொடுத்துவிட்டாள்.

அவற்றில் பாதியை முதலில் உலகம்மாளே கொன்றாள். துளசிக்கு ஊற்றுவதுபோலச் செம்பால் தலையோடு தண்ணீர் ஊற்றினாள். சாய்கிறதே என்று மண்ணைக் கூட்டி அணைத்தாள். ஒரு காலையில் இலையைத் தொட்டால் கொத்தாகக் கையோடு வந்தது. அடியில் சளியைப்போலக் கொழகொழவென்று பழுப்பு அழுகல். செத்த எலியின் நாற்றம். அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த அழுகல்தான் அவளுக்குப் பாடம் ஆனது. இலையெல்லாம் கூடிப் பிறக்கும் இடத்துக்கு அவள் 'கழுத்து' என்று பெயர் வைத்தாள். கழுத்து எப்போதும் மண்ணுக்கு மேலே, காற்றுப்படத் தெரியவேண்டும். வேர் அதை உள்ளே இழுத்தால் செடியை எடுத்து உயர்த்தி நடவேண்டும். தொட்டியின் அடியில் ஓட்டுச் சில்லும் கரித்துண்டும். அதன்மேல் செம்மண், ஆற்றுமணல், மக்கிய இலை, நன்றாக ஆறிப்போன பழைய தொழுவுரம். காலையில் மட்டும், ஓரமாக, மண்ணுக்கு மட்டும் தண்ணீர். மேல்மண் காய்ந்தால்தான் அடுத்த தண்ணீர். காலை வெயில் வேண்டும். உச்சி வெயில் ஆகாது. சாரல் ஆகவே ஆகாது. பூ முடிந்தால் கத்தரிக்கக் கூடாது. மிஞ்சும் குச்சி அழுகி உள்ளே இறங்கும். காம்பைப் பிடித்து அடியோடு முறுக்கி இழுத்தால் சுத்தமாக வந்துவிடும். இலைக்கு அடியில் வெள்ளை ஈ உட்கார்ந்தால் உடனே துடைக்கவேண்டும்.

துடைக்கவும் சுத்தம் பார்க்கவும் அவளுக்கு யார் சொல்லித்தர வேண்டும்? அவள் செடிகள் செழித்தன. தாய்ச்செடியைப் பிரித்துப் பிரித்து வைத்ததில் தார்சா நிறைந்தது. சீசனுக்கு வரும் பங்களாக்காரர்கள் தொட்டியோடு கேட்டு வாங்கிப் போனார்கள். பங்களா வேலையை விட்டாள். வீட்டை வாடகைக்கு விடுவதையும் நிறுத்தினாள். சுவர்க்கறைகூட ஒருவாறு அடங்கியது. நாற்பது வயதுக்குப் பிறகு, தன் வீட்டில் மூச்சை இழுத்து விடமுடிகிறது என்பதே அவளுக்குப் பெரிய சுகமாக இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் அறுபத்திரண்டாம் வருஷத்துச் சாரலோடு தாணுமாலயன் வந்து சேர்ந்தார். புளியங்குடிக்காரி செத்துப்போனாள். அவள் பிள்ளைகள் இவரை வெளியே தள்ளிவிட்டார்கள். தலை நரைத்து, முதுகு வளைந்து, அண்ணன் சிவசைலத்துக்குப் பின்னால் ஒளிந்தமாதிரி நின்றார்.

"கட்டுன புருஷன். தப்புப் பண்ணிட்டான், ஒத்துக்கிடுதேன். கடைசிக் காலத்துல அவன் எங்கன போவான் தாயி?" என்றார் சிவசைலம்.

உலகம்மாளின் நெஞ்சு கரைந்ததா, கல்லானதா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. "இந்தச் சாரல் முடியட்டும் அத்தான். இருக்கட்டும். அது வரைக்கும் பாத்துட்டு நான் ஒரு வார்த்தை சொல்லுதேன்" என்றாள். மாடத்திலிருந்து படிக்கத்தை இறக்கி, அவர் காலடியில் வைத்தாள். பதினோரு வருஷ வெள்ளிக்கிழமைகளை இறக்கி வைத்த மாதிரி இருந்தது அவளுக்கு. அவர் அதில் துப்பவேயில்லை. படிக்கத்தைவிடத் தொட்டி கைக்குப் பக்கம்.

பக்கத்து வீட்டு ராபியா ஐந்தருவியில் பழக்கடை வைத்திருப்பவரின் மனைவி. வாய் சும்மா இருக்காது. சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சொல்வாள்:

"யக்கா, அண்ணாச்சி வந்ததுலேருந்து உங்க மூஞ்சி வேப்பங்கொட்டையக் கடிச்ச மாதிரியே இருக்கே."

"போடி."

"மூக்கப் பிடிச்சிக்கிட்டே குடும்பம் நடத்துத பொம்பளய இங்கனதான் பாக்கேன். சோறு போடும்போதாவது கைய எடுப்பீங்களா?"

உலகம்மாள் சிரித்துவிடுவாள். சிரித்த பிறகு கண் கலங்கும். பன்னிரண்டு தொட்டிகளில் எதைப் பார்த்தாலும் எங்காவது ஒரு சுண்ணாம்பு விரல் இருந்தது.

அவருக்கு நல்ல புத்தி வராதா என்று அவள் ஒரு நாள் அவரையே உட்காரவைத்துச் செடியைக் காட்டினாள். "இங்கன பாருங்க. இதுதான் கழுத்து. இதுக்கு மேல மண்ணும் ஏறக்கூடாது, தண்ணியும் படக்கூடாது. இது மட்டும் நனைஞ்சா செடி செத்துரும்."

"சரி, சரி" என்றார் அவர். கண் பாதையில் குளிக்கப் போகும் கூட்டத்தின்மேல் இருந்தது.

ஆடி நடுவில் சாரல் காற்று அவளைக் காய்ச்சலில் தள்ளியது. எழுந்திருக்க முடியவில்லை. அப்போதுதான் ஓர் அதிசயம் நடந்தது. தாணுமாலயன் அடுப்பு மூட்டினார். கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து, தலையைத் தாங்கிப் பிடித்துக் குடிக்கவைத்தார். நெற்றியில் ஈரத்துணி போட்டார். அது சுண்ணாம்புக் கைதான். ஆனாலும் அன்று குளிர்ந்திருந்தது. வாழ்நாளில் யாரும் அவளுக்குக் கஞ்சி காய்ச்சித் தந்ததில்லை. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவள் அழுதாள். இத்தனை வருஷமாக வெறுத்தது இந்தக் கையையா, பாவி, ஒரு கறைக்காக ஒரு மனுஷனையே வெறுத்தேனா என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டாள்.

பார்க்க வந்த ராபியாவிடம், "இருந்துட்டுப் போட்டும்டி. இவங்க அண்ணன் வந்தா சொல்லிருதேன்" என்றாள்.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்லுதீங்களா, இல்ல காச்சல் சொல்லுதா?"

"நான்தான் சொல்லுதேன்."

அன்று சாயங்காலம் அவரிடம் கேட்டாள்: "செடியெல்லாம் எப்படி இருக்கு?"

"நான் பாத்துக்கிடுதேன்லா. நீ எந்திரிச்சு வந்து பாரு, அசந்துருவே."

"கழுத்துல மண்ணு…"

"தெரியும்ட்டி. படுத்துக்க."

அவள் நிம்மதியாகத் தூங்கினாள். அந்தத் தூக்கத்தைத்தான் பின்னால் நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசியது.

காய்ச்சல் விட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு தார்சாவுக்கு வந்தாள். நிலைப்படியிலேயே அவளை நாற்றம் மறித்தது. பச்சைச் சாணி நாற்றம். அதற்கு அடியில், அவளுக்கு நன்றாகத் தெரிந்த அந்தப் பழைய நாற்றம்.

ஒவ்வொரு தொட்டியிலும் மண் கூம்பாக, கெட்டியாக அணைத்து மேடு கட்டியிருந்தது. வாழைக்கு அணைப்பார்களே, அப்படி. மண்ணுக்குள்ளே கழுத்து, மண்ணின்மேல் பச்சைச் சாணி, சாணியின்மேல் குடங்குடமாகத் தண்ணீர். இலைகள் தொட்டி விளிம்பில் துவண்டு தொங்கின. பூக்காம்புகள் கழுத்து முறிந்த மாதிரி மடிந்திருந்தன. ஆரஞ்சுச் செடியின் ஓர் இலையை அவள் தொட்டாள். எதிர்ப்பே இல்லாமல் மொத்தச் செடியும் கையோடு வந்தது. அடியில் கொழகொழவென்று பழுப்பு. அதில் சின்னச் சின்ன வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. இன்னொரு தொட்டி, அதற்கடுத்தது, அதற்கும் அடுத்தது. எல்லாம் அதேதான்.

தாணுமாலயன் பின்னால் வந்து நின்றார். முகத்தில் பெருமை. "எங்கப்பா தோட்டத்துல வாழைக்கு அணைச்ச கை இது. உன் செடியெல்லாம் காலு தரிக்காம ஆடிக்கிட்டு கெடந்துச்சு. இப்ப பாத்தியா, எப்படி நிக்குதுன்னு." சொல்லிக்கொண்டே அவள் கையில் இருந்ததைப் பார்த்தார். "அடடே, அதுக்கு என்ன ஆச்சு?"

"அழுகிப் போச்சு." அவள் குரல் எங்கிருந்தோ வந்தது. "நான் சொன்னேன்லா. கழுத்துக்கு மேல மண்ணு ஏறக்கூடாதுன்னு தொட்டுக் காட்டிச் சொன்னேன்லா."

"சொன்னே. பொம்பள சொல்லுதத எல்லாம் கேட்டுக்கிட்டா விவசாயம் பாக்க முடியுமா? சரி விடுட்டி, செத்தா வேற வாங்கிக்கிடலாம். செடிதானே."

சொல்லிவிட்டுத் தொண்டையைக் காறினார். குனிந்தார். இடுப்பு வலியெல்லாம் எங்கே போயிற்றோ. அவள் கண்ணெதிரே, மேடு கட்டிய அந்தத் தொட்டியிலேயே துப்பினார்.

"செத்த செடிதானே, இனி என்ன" என்றார் சமாதானமாக.

உலகம்மாள் புறவாசலுக்கு ஓடினாள். வாந்தி எடுத்தாள். குடித்த கஞ்சியெல்லாம் வெளியே கொட்டியது. அவரைப் பார்த்து வந்த அருவருப்பில்லை அது. அந்தக் கஞ்சியைக் குடித்து, அந்தக் கையை நம்பி, 'இருந்துட்டுப் போட்டும்' என்று சொன்ன தன்மேலேயே வந்தது. கிணற்றடியில் உட்கார்ந்து விடாமல் கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். அழுகை வரவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் ராபியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மெதுவாகச் சொன்னாள்: "யக்கா, போன வருஷம் எனக்கு ஒண்ணு பிரிச்சுத் தந்தீங்கள்ல. அது கெடக்கு. நான் சோம்பேறி, தண்ணியே ஊத்துதது இல்ல. அதான் உசுரோட கெடக்கு போல."

உலகம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "என்ன கலரு?"

"மஞ்சள்."

அந்த வாரம் முழுக்க அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு வைத்தாள், இலையை எடுத்துப்போட்டாள். தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கொட்டிக் கழுவி, சுடுதண்ணீர் ஊற்றிக் கவிழ்த்து வைத்தாள். அவரோ, செடிக்காகக் கோபம், ஆறிவிடும் என்று நினைத்துக்கொண்டு வெற்றிலை மென்றார்.

சாரல் ஓய்ந்து வெயில் அடித்த ஒரு காலையில் சிவசைலம் வந்தார். தம்பிக்கென்று ஒரு கட்டு வெற்றிலை கையில்.

"சாரல் முடியட்டும்னு சொன்னே தாயி. முடிஞ்சிருச்சு."

"முடிஞ்சிருச்சு அத்தான். சீசனுக்கு வந்தவங்க சீசன் முடிஞ்சா ஊருக்குப் போவணும்."

சிவசைலத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சுருங்கியது. "கட்டுன புருஷன வாடகைக்கு வந்தவனாக்குதியே."

"வாடகைக்கு வந்தவங்க, சொன்னா படிக்கத்துல துப்புவாங்க."

"நாலு செடி அழுகிப்போச்சுன்னு புருஷனத் தள்ளிட்டாள்னு ஊரு சிரிக்கும்மா. கோவத்துல பேசாதே."

"கோவமா இருந்தா ஆறிப்போவும் அத்தான். பதினோரு வருஷக் கோவம் ஒரு கும்பா கஞ்சியில ஆறிப்போச்சு. இது அது இல்ல. எனக்கு அருவருப்பா இருக்கு. இவங்க காறுத சத்தம் கேட்டா, வாயில வச்ச சோறு எனக்கு இறங்க மாட்டேங்குது. இது ஆறாது."

தாணுமாலயனின் கண்ணில் தண்ணீர் திரண்டது. கைகூப்பினார். "காச்சல்ல கிடந்தியே, நான்தானேட்டி பாத்துக்கிட்டேன்."

"பாத்துக்கிட்டீங்க. அத நான் மறக்க மாட்டேன்." அவள் உள்ளே போய், விடியலிலேயே கட்டி வைத்திருந்த புளிச்சோற்றுப் பொட்டலத்தைக் கொண்டுவந்து சிவசைலத்தின் கையில் கொடுத்தாள். "பஸ்ஸுல போகும்போது ரெண்டு பேரும் சாப்பிடுங்க. அத்தான், இவங்கள உங்க வீட்டுல ஒரு ஓரத்துல வச்சுக்கிடுங்க. நான் குறை சொல்ல மாட்டேன்."

தாணுமாலயன் நகரவில்லை. கால்களை மடக்கி அவள் பாதத்தருகே குனிந்தார். ஒரு பெண்ணின் மனம் இளகுவதற்கு அதைவிட என்ன வேண்டும்? உலகம்மாளின் மனமும் இளகத்தான் செய்தது. ஆனால் அவர் விரல் நுனி அவள் புடவையைத் தொடவும், அழுகிய தண்டைத் தொட்ட மாதிரி அவள் உடம்பு தானாகவே பின்வாங்கியது. அவரும் அதைப் பார்த்துவிட்டார். மெதுவாக எழுந்து நின்றார்.

அவள் படிக்கத்தை எடுத்துக் கொடுத்தாள். புளி போட்டுத் தேய்த்திருந்தாள். "இதையும் கொண்டு போங்க. உங்களோடது."

அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிப்போகிறவரைப்போல அண்ணனுக்குப் பின்னால் படியிறங்கினார். கவிழ்த்து வைத்த தொட்டிகளைத் தாண்டினார். ஓரத்தில் ஒற்றையாக இருந்த மஞ்சள் செடியைத் தாண்டினார். அதன் கழுத்து மண்ணுக்கு மேலே சுத்தமாகத் தெரிந்தது. நடுவில் ஒரு குருத்து.

உலகம்மாள் கதவைப் பிடித்தபடி நின்றாள். பாதைக்குத் திரும்பும் இடத்தில் தாணுமாலயன் நின்று தொண்டையைக் காறினார்.

அது எங்கே விழுகிறது என்று கேட்க அவள் காத்திருக்கவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.